எட்டாவது நொடி

தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்லும் பிக்கப் வண்டிக்குச் சூப்பர்சார்ஜர் வாங்க விரும்புகிறவர் அவசரப்படலாகாது. முப்பத்தோர் ஆண்டுகளாக என் பட்டறைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் இதைத்தான் முதலில் சொல்லி வந்திருக்கிறேன். பந்தய வண்டியின் தேவை ஒரு மாலையோடு முடிந்துவிடும். அன்றாட வண்டியோ தன் சொந்தக்காரரோடு விடியலில் எழுந்து, அவரோடு வெயிலில் காய்ந்து, அவரோடு வீடு திரும்புவது. அதற்குள் கூடுதல் மூச்சைப் புகுத்துமுன் அந்த மனிதரின் நாள் எவ்வாறு கழிகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். அறியாமல் பொருத்துவது பொறுப்பற்ற செயல்.

ஒலிப்பதிவு ஓடுகிறது என்று நினைக்கிறேன். நல்லது. என் பெயர் ஆர்வில் ஹெய்ன்ஸ். வயது அறுபத்தொன்று. கார்ல்ஸ்பாடின் தெற்குக் கோடியில், பழைய பொட்டாஷ் உரக் கிடங்குக்குப் பின்னால் என் பட்டறை. என்னை யாரும் இங்கே அழைக்கவில்லை, நானே வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமை எலோய் பாக்கா வந்தான். முப்பத்து நான்கு வயது. ஜால் ஊர்ப் பக்கத்து எண்ணெய்க் கிணறுகளை நாள்தோறும் சுற்றிப் பார்த்து அளவெடுப்பது அவன் தொழில். போக அறுபது மைல், வர அறுபது மைல். எல்லாம் இருவழிச் சாலை. வெள்ளைப் பிக்கப்பைப் பட்டறை வாசலில் நிறுத்தி இறங்கியவன், வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பெருசு, இந்த ஊர்ல காத்து விக்கிறது நீங்கதானாமே?"

"காத்து விக்கல தம்பி. அவசரத்த விக்கிறேன். உன்னப் பாத்தா அத ஏற்கெனவே நெறைய வச்சிருக்க மாதிரி இருக்கு."

"அவசரமெல்லாம் இல்ல. மணல் லாரிக்குப் பின்னால அறுவது மைல் தூசி தின்னுக்கிட்டே போறேன். தாண்டலாம்னு மிதிச்சா இந்த வண்டி யோசிக்குது. எங்க பாதிரியாரே பாவ மன்னிப்புக்கு இவ்ளோ யோசிக்க மாட்டாரு. அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எதிர்ல ஒருத்தன் வந்துடறான். ஒருநாள் செத்துப் போயிடுவேன் போல இருக்கு."

நான் சிரித்தேன். அதற்கு முன் எப்போது சிரித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

என்னைப் பற்றிச் சிறிது சொன்னால் மற்றவை விளங்கும். நான் மணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் கிறித்தவ சபையில் இசைக்கருவி எதுவும் இல்லை. குரலால் மட்டுமே பாடுவோம். கீழ்க்குரல் என்னுடையது. சில ஆண்டுகளுக்கு முன் தொண்டை நோயால் ஏழு வாரம் போகாமல் இருந்துவிட்டு மறுபடி சென்றேன். வாயிலில் நின்ற சகோதரர் மிகுந்த அன்போடு கைகுலுக்கி, "ஊருக்குப் புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அதன்பின் வீட்டிலேயே பாடினேன். கீழ்க்குரல் தனித்து ஒலித்தால் பாட்டாவதில்லை. வரவேண்டியவர்கள் இன்னும் வரவில்லை என்பது போலவே அது கேட்டுக்கொண்டிருக்கும்.

எலோய் அடுத்த சனிக்கிழமையும் வந்தான். பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய ரொட்டி, பரீட்டோ, இரண்டைத் தகட்டுத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். வண்டியின் பின்பலகையை இறக்கி, அதன்மேல் இருவரும் அமர்ந்து உண்டோம். பிறகு எந்தக் கருவியைத் தேர்வது என்று பேசினோம்.

அந்தப் பேச்சு பதினொரு சனிக்கிழமை நீடித்தது. உள்ளபடி சொன்னால், அது முதல் நாளே முடிந்திருக்க வேண்டியது.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் கருவி, அவ்வளவே. அவனுடைய வண்டிக்கு இரண்டு வகை பொருந்தும். முதல் வகை எஞ்சினின் தலைமேல் அமர்வது. உள்ளே இரண்டு திருகுகள் ஒன்றையொன்று தழுவிச் சுழலும். பெடலைத் தொட்ட கணமே காற்றைத் தரும். பாதி மிதித்தால் போதும், லாரியைத் தாண்டிவிடலாம். எஞ்சின் கணினிக்கு வேண்டிய நிரலையும் அதைச் செய்த நிறுவனமே முத்திரையிட்டு அனுப்பிவிடும். பொருத்தியவனுக்கும் அந்த வண்டிக்கும் அதோடு உறவு முடிந்தது. இரண்டாம் வகை நத்தை ஓட்டைப் போல எஞ்சினின் முன்புறம் தொங்குவது. வேகம் ஏற ஏறத்தான் அதன் ஊதல் வலுக்கும். ஆகவே பெடலை முழுதும் மிதித்து, மிதித்தபடியே வைத்திருக்க வேண்டும். அதற்குரிய நிரலை அந்த ஒரு வண்டிக்கென்று ஒருவர் அமர்ந்து எழுத வேண்டும். எழுதி, ஓட்டவிட்டு, பதிவைப் படித்து, திருத்தி, மறுபடி ஓட்டவிட்டு, இவ்வாறு பல மாதங்கள்.

எலோய்க்கு ஏற்றது முதல் வகை. இதில் எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை.

நான் அவனிடம் பொய் சொல்லவில்லை. திருகு வகை கோடையில் சூடேறும் என்றேன், ஏறும். பழுதானால் எஞ்சினின் மேற்பகுதியையே கழற்ற வேண்டிவரும் என்றேன், வரும். முத்திரையிட்ட நிரலை இந்த ஊரின் வெயிலுக்கு ஏற்ப யாராலும் மாற்ற இயலாது என்றேன், அதுவும் மெய்தான். அந்த உண்மைகள் எதுவும் நான் படைத்தவை அல்ல. அவற்றை எந்த வரிசையில் எடுத்து வைப்பது என்பது மட்டுமே என்னுடையது.

ஒன்பதாவது வாரத்தில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒம்பது வாரம் ஆச்சு பெருசு. லாஸ் க்ரூசெஸ்ல இருக்கற எங்க அக்கா இதவிட வேகமா ரெண்டு புருஷன மாத்திட்டா."

"அவசரப்பட்டதாலதான் மாத்த வேண்டி வந்துச்சு."

"இந்த மாதிரிப் பேசினா நான் என்ன பண்றது? சரி, நத்தையே மாட்டுங்க. எதுன்னாலும் நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி. அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நான் இன்னும் இரண்டு வாரம் கடத்திவிட்டு, நத்தையைத் தருவித்தேன்.

மே மாதம் பொருத்தினேன். பிறகு பதிவுகள் வரத் தொடங்கின. சுக்கான் சக்கரத்துக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகிவைப்போம். பெடல் எவ்வளவு அழுந்தியது, எஞ்சின் எத்தனை சுற்று, காற்றின் அழுத்தம், வெப்பம், வேகம் எல்லாவற்றையும் நொடிக்குப் பத்து முறை அது குறித்துவைக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் வந்து அந்த வாரத்தை என்னிடம் தந்துவிட்டுப் போவான்.

மற்றவர்கள் அதில் எண்களைக் காண்பார்கள். நான் அதை வேதாகமத்துச் சங்கீத வசனம் படிப்பது போல வரிவரியாகப் படித்தேன். செவ்வாய்க் காலை பதினாறாம் மைலில் கால் துள்ளியது, மான் குறுக்கிட்டிருக்கும். வியாழன் நண்பகலில் வண்டி நாற்பது நிமிடம் எஞ்சின் ஓடியபடியே நின்றது. குளிர்காற்றுக்காக உள்ளேயே அமர்ந்து தனியே சாப்பிட்டிருக்கிறான். அந்த நாற்பது நிமிடத்தை என் மேசைமேல் விரித்துவைத்து, அவனோடு சேர்ந்து நானும் உண்டேன். இதைத் தவறென்று எவரும் சொல்ல முடியாது என்று எண்ணுகிறேன்.

அவன் கவனமாக ஓட்டுகிறவன். பெடலை முழுதாக அவன் மிதிப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: மணல் லாரியைத் தாண்டுவதற்கு. ஒரு லாரியைத் தாண்ட அவனுக்கு ஆறு, ஆறரை நொடி ஆகும். திங்கட்கிழமைகளில் மட்டும் பத்துக்கு மேல் ஆகும். ஞாயிறு மூடிக்கிடக்கும் மணல் ஆலை திங்கள் விடியலில் திறக்கும்போது லாரிகள் ஒன்றன் வால் ஒன்று பற்றியபடி இரண்டிரண்டாய்ப் புறப்படும். இரண்டையும் சேர்த்தே தாண்ட வேண்டும். நடுவில் நுழைய இடம் இராது.

ஜூன் முதல் திங்கட்கிழமைகளில் இன்னொன்றும் தோன்றியது. ஊருக்குள்ளேயே வண்டி ஆறு நிமிடம் நின்றது. அதன்பின் புறப்படும்போது பெடல் மிக மிக மெல்ல அழுந்தியது. பக்கத்து இருக்கையில் யாரோ நிறைந்த காப்பிக் கோப்பையோடு அமர்ந்திருந்தால்தான் ஒருவன் அவ்வாறு கிளப்புவான்.

ஜூலையில் அவளை அழைத்துவந்தான். பெயர் மரிசேலா. கண் மருத்துவமனையில் வேலை. திங்கட்கிழமை மட்டும் ஜாலில் உள்ள கிளைக்குப் போகிறவள். கையில் துணி மூடிய பாத்திரம் நிறைய, சோள மாவில் அவித்த தமாலி கொண்டுவந்தாள்.

"நீங்கதான் அந்தப் பெருசா? இவரு வாயத் தொறந்தா உங்க பேச்சுதான். எனக்கே பொறாமையா இருக்கு," என்றாள்.

"நான் என்னம்மா செஞ்சேன்? வண்டிக்கு மூச்சுக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"அத கொஞ்சம் கொறைங்க. நேத்து இவரு ஓட்டின ஓட்டத்துல என் கம்மல் ஒண்ணக் காணோம்."

"பொய் சொல்றா பெருசு. அவ தூங்கிட்டிருந்தா. குறட்டை வேற."

"குறட்டை இல்ல, அது உங்க நத்தை கத்தினது."

நாங்கள் மூவரும் சிரித்தோம். அவள் நல்லவள், அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை என்பதை இங்கே தெளிவாகப் பதிய விரும்புகிறேன்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை அவன் தனியாக வந்தான். பின்பலகையில் அமரவில்லை, நின்றபடியே பேசினான்.

"பெருசு, வண்டி இப்ப பாட்டுப் பாடுது. இனிமே பதிவு கிதிவுன்னு உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன்."

"தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

"இல்ல, அக்டோபர்ல கல்யாணம். அவங்க அம்மா வீட்டுக்குக் கூரை மாத்தணும், வேலி போடணும். சனிக்கிழமைன்னா அங்கதான் கெடப்பேன். மரிசேலா சொல்லச் சொன்னா, நீங்களும் வந்துடுங்க. சாப்பாடு அங்கயே. கூரை மேல ஏற வேணாம், கீழ நின்னு என்னத் திட்டினா போதும்."

அதை மரியாதைக்குச் சொன்ன வார்த்தையாகவே எடுத்துக்கொண்டேன். மனிதர்கள் அவ்வாறு சொல்வதுண்டு.

கடைசியாக ஒரு சிறு திருத்தம் இருக்கிறது, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றேன். அவன் சாவியை என் கையில் போட்டுவிட்டு, வெளியே தொலைபேசியில் அவளிடம் பேசிக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பது எனக்குக் கேட்டது.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் நீங்கள் அறிய வேண்டும். இக்காலத்து வண்டிகளில் மிதிப்பது காலின் வேலை. எஞ்சினின் காற்று வாயிலைத் திறப்பது கணினியின் வேலை. காற்றழுத்தம் வரம்பு மீறி நீடித்தால் எஞ்சினைக் காப்பதற்காக வாயிலை மூடிவிடும் விதி ஒன்று எல்லா நிரல்களிலும் உண்டு. நல்ல விதி. நான் அதில் இரண்டு எண்களை மட்டும் மாற்றினேன். பெடல் முழுதாக அழுந்தி எட்டு நொடி கடந்தால், பத்து நொடி நேரம் வாயில் மூடிக்கொள்ளும். பிறகு ஒன்றும் நடவாதது போலத் தானே திறந்துகொள்ளும்.

காரணம் எளியது. வண்டி திணறினால் அவன் என்னிடம் வருவான். நான் பதிவு கேட்பேன். சனிக்கிழமைகள் மீண்டும் தொடங்கும்.

ஓர் எச்சரிக்கை விளக்கை எரியவைத்திருந்தாலே அவன் வந்திருப்பானே என்று நீங்கள் கேட்கக்கூடும். விளக்கு எரிந்தால், வண்டி வாங்கிய இடத்துக்கே கொண்டுபோய் யாரிடமாவது அணைத்துத் தரச் சொல்வார்கள். என்ன குறை என்று எவருக்கும் விளங்காத குறையாக, நெஞ்சைத் தொட்டு அச்சுறுத்தும் குறையாக இருந்தால்தான் மனிதன் தான் நம்புகிறவரை நாடி வருவான். இது என் அனுபவம்.

எட்டு என்ற எண்ணை அன்பினால்தான் தேர்ந்தேன். ஆறாக வைத்திருந்தால் நாள்தோறும் ஆபத்து. எட்டு வைத்தால் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி நான்கு நாளும் அவனுக்குத் தீங்கில்லை. ஆனால் எந்நாளும் தீங்கே இல்லையென்றால் அவன் வரமாட்டானே. ஆகவே ஒரு நாள் மிஞ்சியது.

ஆம். அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். அந்நாளில் வண்டி முதலில் எங்கே ஆறு நிமிடம் நிற்கும் என்பதும் தெரியும்.

செப்டம்பர் மாதத்து இரண்டாம் திங்கள், காலை ஆறரை மணி. வெளிச்சம் வந்துவிட்டது; சாலை நேராக இருந்தது; எதிரே வந்த தண்ணீர் லாரி நெடுந்தொலைவில் இருந்தது. அவன் கணக்கு சரியானதே. இரண்டு மணல் லாரிகளையும் தாண்டி உள்ளே திரும்ப அவனுக்குப் பத்தரை நொடி போதும். அவ்வளவு நேரம் இருந்தது. எட்டாவது நொடி முடிந்தபோது அவன் இரண்டாவது லாரியின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தான். வாயில் மூடிக்கொண்டது. தண்ணீர் லாரிக்காரர் சாலையை விட்டு இறங்க முயன்றார். எலோயும் அதே பக்கம் இறங்க முயன்றான். மோதல் வண்டியின் வலப்பக்கத்தில், அவள் அமர்ந்திருந்த பக்கத்தில். மரிசேலா அங்கேயே இறந்தாள். எலோய்க்கு இடுப்பெலும்பு முறிந்தது.

உங்கள் காவல் துறை ஆட்கள் சாலையில் தடங்களை அளந்தார்கள். தாண்டும்போது ஓட்டுநர் தயங்கியதால் நேர்ந்த விபத்து என்று எழுதினார்கள். வண்டி நசுக்குமிடத்துக்குப் போயிற்று.

நவம்பரில் அவன் என்னிடம் வந்தான். நான் எதிர்பார்த்தபடியே வந்தான் என்று சொன்னால் நீங்கள் தவறாகக் கொள்ளக்கூடாது. இரண்டு ஊன்றுகோல்களோடு, அக்கா ஓட்டிய காரிலிருந்து இறங்கினான். அவள் காரிலேயே இருந்துவிட்டாள். மருத்துவமனையில் துணிமணிகளைப் போட்டுத் தந்த ஞெகிழிப் பையிலிருந்து அந்தத் தீப்பெட்டி அளவுக் கருவியை எடுத்து என் மேசைமேல் வைத்தான். அது வண்டியிலேயே செருகிக் கிடந்ததை நான் மறந்திருந்தேன்; மீட்க வந்தவர்கள் அவன் பொருள்களோடு அதையும் அள்ளிப் போட்டிருக்க வேண்டும்.

"பெருசு, எனக்கு அந்த எடம் மட்டும் ஞாபகம் இல்ல. போலீஸ்காரங்க நான் தயங்கினேன்னு சொல்றாங்க. நான் மிதிச்சுக்கிட்டுதான் இருந்தேன்னு தோணுது. ஆனா தெரியல. நீங்க படிச்சுச் சொல்லுங்க. நான் கால எடுத்தேனா?"

படித்தேன். பெடலின் கோடு முழு அளவில், வரைகோல் வைத்து இழுத்தது போல நேராக இருந்தது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. மோதி நின்ற கணம் வரை அவன் கால் அசையவில்லை. அதற்குக் கீழே, வாயிலின் கோடு எட்டில் விழுந்திருந்தது. என்மேல் அவன் வைத்த நம்பிக்கையை எண்களாகக் கண்ட ஒரே மனிதன் நான். அது சிறிய பேறு அன்று.

"கால் எடுத்தது தெரியுது தம்பி," என்றேன். "ஒரே ஒரு நொடி. யாரா இருந்தாலும் பயந்திருப்பாங்க."

அவன் அழவில்லை. "காட்டுங்க," என்றான். மறுநாள் காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலை கோட்டைச் சரித்து வரைந்து அச்சிட்டேன். மறுநாள் வந்து அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான். பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நவம்பர் முதல் மார்ச் வரை அவன் அநேகமாக நாள்தோறும் வந்தான். சனிக்கிழமை மட்டுமன்று, எல்லா நாளும். வேலைக்குப் போக முடியவில்லை; வேறு எங்கும் போக அவனுக்கு விருப்பமில்லை. மரிசேலாவின் தாய் அவனுக்குக் கதவைத் திறக்கவில்லை என்று சொன்னான். நான் அவனுக்குச் சூப் சூடாக்கித் தருவேன். அவன் பாதி உண்பான். சில சமயம் அந்தத் தாளை விரித்து, "இந்த எடத்துலதான்ல?" என்று கேட்பான். "அந்த எடத்துலதான்" என்பேன். நான் மெல்லப் பாடிக்கொண்டே வேலை செய்வேன். ஒருமுறை, தான் செய்வது தனக்கே தெரியாமல், அவனும் மேற்குரலில் சேர்ந்துகொண்டான். அந்தக் குளிர்காலம் போல் ஒன்றை நான் வாழ்ந்ததில்லை. என் பட்டறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன; இரண்டிலும் ஆள் இருந்தது.

மார்ச் நடுவில் அவன் தன் அக்காவிடமே போய்விட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் மாத்திரைகள் முழுவதையும் ஒரே நேரத்தில் விழுங்கியதாகவும், காப்பாற்றிவிட்டதாகவும் அக்கா தொலைபேசியில் சொன்னாள். "அவன் யாரோடயும் பேச மாட்டேங்கறான். உங்களோடயும்தான். கொல்லத் தெரிஞ்ச கால், நடக்க எதுக்குன்னு மட்டும் கேக்கறான். தயவு செஞ்சு இனிமே கூப்பிடாதீங்க," என்றாள். பதினான்கு முறை கூப்பிட்டேன். பிறகு அந்த எண் ஒலிப்பதும் நின்றுவிட்டது.

அதனால்தான் இங்கே வந்தேன். எவரும் என்னை ஐயுறவில்லை. நான் வாய் திறவாதிருந்தால் எனக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. உண்மையான பதிவு அந்த உறையில் இருக்கிறது. நிரலின் பிரதியும் இருக்கிறது. கருவியை நான்தான் அவனைத் தேரவைத்தேன்; எண்ணை நான்தான் இட்டேன்; நாளை அறிந்தே இட்டேன்; அவளும் அதில் இருப்பாள் என்று அறிந்தே இட்டேன். கோட்டை நான்தான் சரித்தேன். எதையும் குறைத்து எழுத வேண்டாம்.

அவனிடம் இதை நேரில் சொல்லிவிடுங்கள். அவன் காலை எடுக்கவே இல்லை. கேட்டால் அவன் மனம் ஆறும். அவனுடைய நன்மைக்காகவே இத்தனையும் சொல்கிறேன். என் பொருட்டு அன்று.

கேட்டபின் அவன் என்னைப் பார்க்க விரும்புவான். கோபமாகத்தான் வருவான், வரட்டும். எட்டு ஏன், அந்த நாள் ஏன் என்று அவன் கேட்க நிறைய இருக்கும். என்னையன்றி வேறு யாராலும் விடை சொல்ல முடியாது. ஒரே வரவில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட இயலாது. சிறிது சிறிதாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இங்கே பார்க்க வருகிறவர்களுக்கு வாரத்தில் எத்தனை நாள் அனுமதி?